சிப்பாயை மேடையேற்றினீர்கள், போரை எங்கே ஒளித்தீர்கள்?



போன மாதம் நாங்கள் நாலு பேர் ஒரு ரொக் இசை நிகழ்ச்சிக்குப் போனோம். எந்தக் குழு, எந்த மண்டபம் என்பது இங்கே முக்கியமில்லை. நாலாவது பாட்டு முடிய, பாடகர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "படையில் இருந்தவர்கள் யாராவது இங்கே நிற்கிறீர்களா?" என்று கேட்டார். முன்பக்கத்தில் நின்ற ஒருத்தர் கையைத் தூக்கினார். ஐம்பது வயது இருக்கும். வெளிச்சம் அவர் மேல் விழுந்தது. முழு மண்டபமும் கைதட்டியது, ஒரு நிமிசத்துக்கு மேல். பிறகு அடுத்த பாட்டு.

எங்களில் இரண்டு பேர் கைதட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன், தட்டவில்லை, கடைசியில் தலையைச் சொறிந்தேன். நாலாவது தோழி வெளியில போய்விட்டாள். அவளின் அம்மா 1995 இடப்பெயர்வில் கைக்குழந்தையோட நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவ.

அந்தச் சண்டை ரயிலில் தொடங்கி, பிறகு எங்கட வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஓடியது. உங்களில் பாதிப் பேர் அதில் எழுதினீர்கள். கைதட்டியவர்கள் சொன்னது: "அந்த மனுசன் பாவம். போரைத் தொடங்கினது அவரில்லை. மனிதாபிமானத்துக்குள்ள அரசியலைக் கொண்டுவராதேங்கோ." வெளியில போனவள் சொன்னது: "துவக்குத் தூக்கினவனுக்கு நான் ஏன் கைதட்ட வேணும்? அவன் சுட்ட ஆக்களுக்கு எந்த மண்டபத்தில வெளிச்சம் போட்டவை?"

இந்த மடல் இரண்டு பக்கத்துக்கும் பதில். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படையில் இருந்து வந்தவர்களுக்கு இசைக்கலைஞர்கள் துணைநிற்பதை நான் எதிர்க்கவில்லை. ரொக் இசை செய்த நல்ல வேலைகளில் சில அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் சிப்பாயை மேடையேற்றி, அவன் போன போரைப் பற்றி மட்டும் வாயே திறக்காமல் இறக்கிவிடுகிற ஆதரவு, அந்தப் போருக்கே கொடுக்கிற ஆதரவு. அதற்கு "அரசியல் இல்லை" என்று பெயர் வைக்கிறதை நாங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

நவம்பர் 10, நவம்பர் 11

2014 நவம்பர் 11, வாஷிங்டன். அமெரிக்காவின் முன்னாள் படையினர் தினம். அந்த நாள் முதலில் முதலாம் உலகப்போர் ஓய்ந்த நாளாக, உலக சமாதானத்துக்கான நாளாகத்தான் அனுசரிக்கப்பட்டது. 1954 இல் பெயரை மாற்றினார்கள். போர் நின்றதை நினைக்கிற நாள், போருக்குப் போனவர்களைப் போற்றுகிற நாளாகியது.

அன்றைக்கு நெஷனல் மோல் திடலில் வீரத்தைப் போற்றும் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், மெட்டாலிக்கா, ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டேவ் குரோல், எமினெம், ரிஹானா என்று பெரிய பெயர்கள். எச்.பி.ஓ. தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. கூடவே நின்று நடத்தியவை ஸ்டார்பக்ஸ் நிறுவனமும் சேஸ் வங்கியும்.

சேஸ் வங்கியில் கொஞ்சம் நில்லுங்கோ. படைச்சேவையில் இருப்பவர்களின் பழைய வீட்டுக்கடனுக்கு 6 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. ஜே.பி. மோர்கன் சேஸ் ஏறக்குறைய 4,000 படையினரிடம் அதை மீறிக் காசு எடுத்தது. சிலரின் வீடுகளையே பிழையாகப் பறித்தது. 2011 இல் அதை ஒத்துக்கொண்டு, வழக்கை முடிக்க 56 மில்லியன் டொலர் கொடுத்தது. மூன்று வருசம் கழித்து அதே வங்கி மேடை போட்டு "உங்கள் தியாகத்துக்கு நன்றி" என்கிறது. எங்கட ஊரில் வட்டிக்காரன் தேர்த்திருவிழாவுக்கு உபயகாரனாக நிற்கிறது மாதிரி.

இன்னும் இரண்டு திகதிகளைப் பக்கத்தில் வையுங்கோ. நிகழ்ச்சிக்கு நாலு நாள் முதல், நவம்பர் 7 ஆம் திகதி, மேலும் 1,500 படையினரை ஈராக்குக்கு அனுப்ப ஒபாமா அனுமதி கொடுத்தார். முதல் நாள், நவம்பர் 10 ஆம் திகதி, தோமஸ் யங் செத்துப்போனார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2001 செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு நாளில் படையில் சேர்ந்தவர். ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தார். அனுப்பியது ஈராக்குக்கு. போய் ஐந்தாவது நாள், 2004 ஏப்ரல் 4, பாக்தாத்தின் சதர் நகரில் கவசமில்லாத லொறியில் இருக்கும்போது சூடு பட்டது. 24 வயதில் நெஞ்சுக்குக் கீழே உணர்வு போனது. மிச்ச வாழ்க்கை முழுவதையும் அந்தப் போருக்கு எதிராகப் பேசவே செலவழித்தார். அவரைப் பற்றிய 'பொடி ஒஃப் வோர்' ஆவணப்படம் 2007 இல் ரொறன்ரோ திரைப்பட விழாவுக்கு வந்தது. பேர்ல் ஜாம் குழுவின் எடி வெடர் அதற்காகப் பாட்டு எழுதிப் பாடினார். 2013 இல், ஈராக் போரின் பத்தாம் ஆண்டில், புஷ்ஷுக்கும் செனிக்கும் யங் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தன் சாவுக்கு மட்டுமில்லை, ஈராக்கியர்களின் சாவுகளுக்கும் அவர்கள் இரண்டு பேரையும் அதில் குற்றம் சாட்டினார். சாகும்போது அவருக்கு 34 வயது.

அடுத்த நாள் திடலில் வீரம் போற்றப்பட்டது. யங்கின் கடிதத்தை வாசிப்பதற்காகக் கட்டப்பட்ட மேடை இல்லை அது. வங்கியின் காசில் கட்டின மேடையில் அப்படி ஒரு சிப்பாய்க்கு என்ன இடம்?

அங்கே நடந்த ஒரு சின்ன விசயம் எல்லாத்தையும் காட்டிக்கொடுத்தது. ஸ்பிரிங்ஸ்டீனும் குரோலும் ஸாக் பிரவுனும் சேர்ந்து 'ஃபோர்ச்சுனேட் சன்' பாடினார்கள். 1969 இல் வந்த பாட்டு. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தப்பிக்க, இல்லாதவன் வீட்டுப் பிள்ளைகள் வியட்நாமுக்குப் போனதைப் பற்றியது. அதை எழுதிய ஜோன் ஃபொகெர்ட்டி தானும் இராணுவத்தின் சேமப்படையில் இருந்தவர். வலதுசாரிகள் அன்று இரவே துள்ளினார்கள்: படையினரை அவமதித்துவிட்டார்களாம், தேசவிரோதப் பாட்டாம். படையில் இருந்தவன் படையில் இருந்தவர்களைப் பற்றி எழுதிய பாட்டு, படையினரின் நாளில் பாடக்கூடாத பாட்டாகிவிட்டது. "அரசியல் வேண்டாம்" என்பதன் அர்த்தம் இதுதான். ஒரு பக்க அரசியலுக்கு மேடை, மறுபக்க அரசியலுக்கு வாய்ப்பூட்டு.

சக்கர நாற்காலியில் வந்தவர்

இதே ஸ்பிரிங்ஸ்டீனை 33 வருசம் பின்னால் போய்ப் பாருங்கோ. அவருடைய ஆரம்ப காலக் குழுவில் டிரம் அடித்த பெடியன் 1967 இல் வியட்நாமில் செத்தவன். ஸ்பிரிங்ஸ்டீன் மருத்துவப் பரிசோதனையில் தவறி வீட்டுக்குத் திரும்பியவர். அந்தக் கணக்கு அவர் மனதுக்குள் இருந்திருக்க வேண்டும்.

1981 ஓகஸ்ட் 20, லொஸ் ஏஞ்சலிஸ். காசில்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்த வியட்நாம் முன்னாள் படையினர் அமைப்புக்காக ஒரு நிகழ்ச்சி செய்தார். பாட்டுத் தொடங்க முதல் மைக்கை அமைப்பின் தலைவர் பொபி முல்லரிடம் கொடுத்தார். முல்லர் முன்னாள் மரீன் அதிகாரி. 1969 இல் பாய்ந்த குண்டு அவரின் முதுகுத்தண்டை அறுத்துவிட்டது. சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்து தன் வாயால் பேசினார். ஏறக்குறைய ஒரு லட்சம் டொலர் சேர்ந்தது. ஸ்பிரிங்ஸ்டீன் இல்லாவிட்டால் அந்த இயக்கமே இருந்திருக்காது என்று முல்லர் பின்னர் சொன்னார்.

அந்த மனுசன் பிறகு என்ன செய்தார்? அதே வருசம் டிசம்பரில் முன்னாள் படையினர் சிலரோடு வியட்நாமுக்குத் திரும்பிப் போனார். எதிரியாய்ப் பார்க்கச் சொல்லப்பட்ட சனத்தைச் சந்திக்க. தங்கட ஆக்களிடமே அதற்காகப் பேச்சு வாங்கினார். 1992 இல் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச இயக்கத்தைத் தொடங்கிய ஆறு அமைப்புகளில் ஒன்று அவர் தலைமை தாங்கிய அமைப்பு. 1997 இல் அந்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அதே வருசம் கையெழுத்தான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது.

போர் முடிந்து பத்து வருசத்துக்குப் பிறகும் முகமாலையில் எங்கட பெண்கள் குந்தியிருந்து அங்குலம் அங்குலமாய் மண்ணைக் கிண்டிக் கண்ணிவெடி எடுத்தார்கள். இரண்டு தரப்பும் விதைத்தது. உலகத்தில் அந்த ஆயுதத்தைத் தடைசெய்யச் சொல்லி எழுந்த குரல்களில் ஒன்று, நடக்க முடியாமல் போன ஒரு அமெரிக்கச் சிப்பாயின் குரல். அவருக்குப் பெரிய மேடை ஒன்றைக் கொடுத்தவர் ஒரு ரொக் பாடகர். வெளியில போன தோழி, இதை நீ யோசிக்க வேணும். சிப்பாய்க்கு உதவி செய்தால் அது எப்பவும் படைக்குச் செய்த உதவி ஆகாது. அவன் திரும்பி நின்று மற்றப் பக்கத்தைப் பார்க்கவும் அது உதவலாம்.

ஆனால் பாட்டை மட்டும் நம்பி இருக்கேலாது. 1984 இல் ஸ்பிரிங்ஸ்டீனின் 'போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.' வந்தது. வியட்நாமில் இருந்து வந்து வேலையும் இல்லாமல் வழியும் இல்லாமல் நிற்கிற ஒருத்தனின் கோபம் அது. அதே வருசம் தேர்தல் கூட்டத்தில் ரேகன் ஸ்பிரிங்ஸ்டீனைத் தன் பக்கத்து ஆள் மாதிரிப் புகழ்ந்தார். மெட்டை எடுத்துக்கொண்டு கதையை எறிந்தால் எந்தப் பாட்டையும் கொடிக்கம்பத்தில் கட்டலாம்.

அமெரிக்கச் சிப்பாயின் காயத்தோடு கதையை முடித்தாலும் பிழைதான். ஏஜென்ட் ஒரேஞ்ச் நஞ்சைப் பாருங்கோ. அதனால் நோயாளியான அமெரிக்க முன்னாள் படையினருக்கு 1984 இல் இரசாயன நிறுவனங்கள் 180 மில்லியன் டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டன. அது போதாத காசு, அதற்கே அவர்கள் வருசக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அதே நஞ்சு யாருடைய வயலிலும் காட்டிலும் கொட்டப்பட்டதோ அந்த வியட்நாமியர்கள் போட்ட வழக்கை 2005 இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரண்டு வழக்கிலும் ஒரே நீதிபதி. சிப்பாயின் உடம்புக்கு ஒரு விலை. அவன் போன ஊரின் உடம்புக்கு ஒரு சதமும் இல்லை.

வாசலிலும் அவர்கள், வெளிவாசலிலும் அவர்கள்

"பாடகர்கள் பாவம், கஷ்டப்படுகிற ஆக்களுக்கு உதவி செய்யினம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த ஆக்களைப் படைக்குள் அனுப்பியதில் பாட்டுக்குப் பங்கே இல்லையா?

கொட்ஸ்மாக் குழுவின் பாட்டு 2000களில் அமெரிக்கக் கடற்படையின் ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் ஓடியது. 2007 கடைசியில் 3 டோர்ஸ் டவுன் குழு தேசியக் காவற்படைக்காகவே ஒரு பாட்டுச் செய்தது. 2008 இல் கிட் ரொக் செய்தார். இரண்டும் சினிமா தியேட்டரில் படம் தொடங்க முதல் காட்டப்பட்டன. ஈராக்கில் பிரேதங்கள் விழுந்துகொண்டிருந்த வருசங்கள் அவை. பொப்கோர்ன் பையோட இருக்கிற பதினேழு வயசுப் பெடியனுக்கு முன்னால் கிட்டார் சத்தம், ஹெலிகொப்டர், தம்பி வா என்று ஒரு அழைப்பு.

1973 இல் கட்டாய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பிறகு அமெரிக்கப் படைக்கு ஆள் சேர்ப்பதில் பெரிய வேலை செய்வது வறுமை. பல்கலைக்கழகக் காசு, மருத்துவக் காப்புறுதி, குடியுரிமைக்குக் குறுக்குவழி. இதெல்லாம் ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்க வேண்டியது. துவக்கைத் தூக்கினால்தான் தருவேன் என்கிறது. அந்தப் பேரத்துக்குப் பின்னணி இசை போட்டவர்கள் இந்தக் கலைஞர்கள்.

ஃபைவ் ஃபிங்கர் டெத் பஞ்ச் என்ற குழுவைப் பாருங்கோ. 2009 இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வோர் இஸ் தி ஆன்சர்', போரே பதில். 2014 இல் அதே குழு தெருவில் படுக்கிற முன்னாள் சிப்பாயைப் பற்றி ஒரு வீடியோ செய்தது. நல்லாச் செய்திருந்தார்கள், பார்த்து எனக்கும் கண் கலங்கியது. உதவி அமைப்புகளின் விபரமும் கொடுத்தார்கள். அதனால் யாராவது ஒருத்தர் தப்பியிருந்தால் நான் சந்தோசப்படுவேன். ஆனால் போர்தான் பதில் என்று ஐந்து வருசத்துக்கு முதல் பெயர் வைத்தவர்கள், தெருவில் கிடக்கிற அந்த மனுசன் எந்தக் கேள்வியின் பதில் என்று தங்களிடமே கேட்டார்களா?

அதே பாட்டு, இன்னொரு அறை

இதைவிட இருட்டான கதையும் இருக்கிறது. ட்ரௌனிங் பூல் என்ற குழு 2001 இல் 'பொடீஸ்' என்று ஒரு பாட்டு வெளியிட்டது. இரைச்சலான, இசை நிகழ்ச்சியில் துள்ளுவதற்கான பாட்டு. குவாந்தனாமோவில் மொஹமெது உல்த் ஸ்லாஹி என்ற மொரிட்டானியக் கைதியை வெட்டி வெட்டி மின்னுகிற வெளிச்சத்துக்குள் வைத்து, அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அமெரிக்க செனட்டின் 2008 அறிக்கையிலேயே இது இருக்கிறது. ஸ்லாஹி மேல் குற்றச்சாட்டு ஒன்றும் பதியப்படவில்லை. 14 வருசம் அங்கே வைத்துவிட்டு 2016 இல் வெளியில் விட்டார்கள்.

இப்படிப் பாட்டுப் பயன்படுவது தனக்குப் பெருமை என்ற மாதிரி அந்தக் குழுவின் ஒருவர் 2006 இல் சொல்லி, எதிர்ப்பு வந்த பிறகு வருத்தம் தெரிவித்தார். 2007 இல் அதே குழு, போரில் இருந்து வருபவர்களுக்கு மனநலப் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும் என்று ஒரு சட்டமூலத்துக்காகப் பிரச்சாரம் செய்தது. அது சரியான கோரிக்கை. 2008 இல் இருந்து பார்த்தால் அமெரிக்காவில் வருசத்துக்கு 6,000 க்கு மேற்பட்ட முன்னாள் படையினர் தற்கொலை செய்கிறார்கள். அந்தப் பிரச்சாரத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒரே குழு, ஒரே பாட்டு, இரண்டு உடைந்த மனங்கள். ஒருத்தனுக்கு வைத்தியர் வேண்டும் என்று மேடையில் கேட்கிறார்கள். மற்றவனின் பெயரே மேடையில் இல்லை.

வேறு மாதிரி நின்றவர்களும் இருந்தார்கள். 2009 ஒக்டோபரில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின், பேர்ல் ஜாம், ஆர்.ஈ.எம்., நைன் இஞ்ச் நெய்ல்ஸின் ட்ரென்ட் ரெஸ்னர் போன்றவர்கள் குவாந்தனாமோவை மூடச் சொன்ன பிரச்சாரத்தில் சேர்ந்தார்கள். எந்தெந்தப் பாட்டுகளைச் சித்திரவதைக்குப் பாவித்தீர்கள், ஆவணங்களை வெளியில் விடுங்கோ என்று தகவலறியும் சட்டத்தின் கீழ் கேட்கும் முயற்சிக்குப் பின்னால் நின்றார்கள்.

கைதட்டக்கூடிய ஆதரவு

ரொக் உலகத்தில் இன்னொரு மரபு முதலில் இருந்தே இருக்கிறது. 1971 தொடக்கத்தில் டெட்ரோயிட் நகரில் போருக்கு எதிரான வியட்நாம் முன்னாள் படையினர் 'விண்டர் சோல்ஜர்' விசாரணையை நடத்தினார்கள். நூறுக்கு மேற்பட்ட படையினர் தாங்கள் செய்ததையும் பார்த்ததையும் பகிரங்கமாகச் சொன்னார்கள்: கொளுத்திய வீடு, கொன்ற கைதி. அந்த விசாரணைக்குக் காசு சேர்க்க டேவிட் குரொஸ்பி, கிரகாம் நாஷ், பில் ஓக்ஸ் பாடினார்கள். சிப்பாய் குற்றத்தை ஒத்துக்கொள்ள ஒரு இடத்தைக் கட்டிக்கொடுத்த ஆதரவு அது.

2008 ஓகஸ்ட் 27, டென்வர். ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடக்கிற நகரத்தில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் போருக்கு எதிராக இலவச நிகழ்ச்சி நடத்தியது. முடிய, போருக்கு எதிரான ஈராக் முன்னாள் படையினர் சீருடையோட முன்னுக்கு நடக்க, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பின்னால் மாநாட்டு மண்டபத்துக்கு ஊர்வலம் போனார்கள். அவர்களின் கோரிக்கைகளில் மூன்றை நினைவில் வையுங்கோ: படைகளை உடனே திருப்பி எடு, திரும்பி வருபவர்களுக்கு முழு மருத்துவ வசதி கொடு, ஈராக் மக்களுக்கு நட்டஈடு கொடு. சிப்பாயின் வைத்தியமும் ஈராக்கியரின் நட்டஈடும் ஒரே தாளில். எனக்கு இதுதான் அளவுகோல். தோமஸ் யங் தானே பாட்டுகளைத் தெரிந்து 2008 இல் வந்த இசைத்தொகுப்பின் வருமானமும் இந்த அமைப்புக்குத்தான் போனது.

"இப்ப பசியோட இருக்கிறவனுக்கு இப்ப காசு வேணும், உங்கட அரசியல் பிறகு" என்று ஒரு தோழர் குழுவில் எழுதியிருந்தார். சரி, காசைக் கொடுங்கோ. நானும் போடுகிறேன். ஆனால் ஏன் உண்டியல் குலுக்க வேண்டியிருக்கிறது என்று கேட்காமல் விடமாட்டேன். 2015 இல் செனட்டர்கள் மக்கெய்னும் ஃப்ளேக்கும் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கோ. விளையாட்டு மைதானங்களில் கொடி விரிப்பது, சிப்பாயை நடுவில் நிறுத்திக் கைதட்டுவது போன்றவற்றுக்குப் பாதுகாப்புத் திணைக்களம் 2012 இல் இருந்து 6.8 மில்லியன் டொலராவது அணிகளுக்குக் கொடுத்திருந்தது. சனம் மனமுருகித் தட்டிய கைதட்டலில் ஒரு பகுதி காசு கொடுத்து ஏற்பாடு செய்தது. கைதட்டலுக்கு அரசிடம் காசு இருக்கிறது. வைத்தியத்துக்குப் பாடகர் பாடிச் சேர்க்க வேணும்!

இனி எங்கட மேடை

இதுவரைக்கும் தலையாட்டி வாசித்தவர்கள் இனிக் கொஞ்சம் கோபிக்கலாம்.

சிப்பாயைக் கொண்டாடி அவன் செய்ததை மறைக்கிற வேலை எங்களுக்குப் புதிசில்லை. 'ரணவிரு' என்ற சொல்லும், அதைச் சுற்றிய பாட்டுகளும் பதாகைகளும் எங்கட சனத்துக்கு மேல் எப்படி நின்றன என்று உங்களுக்குத் தெரியும். தெற்கின் ஏழைக் கிராமத்தில் இருந்து வந்து காலை இழந்த அந்த 'ரணவிரு' ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் தெருவுக்கு வந்தபோது, பொலிஸ் அவனையும் பலவந்தமாக விரட்டியது. பாட்டு அவனுக்கு. ஓய்வூதியம் வேறு கணக்கு.

சரி, நாங்கள்? ஒவ்வொரு நவம்பரிலும் மண்டபம் எடுத்து, ஒலியமைப்புப் பிடித்து, செத்தவர்களைப் பாடுகிறோம். பாட வேண்டியதுதான், அவர்கள் எங்கட அண்ணன்மார், அக்காமார். ஆனால் உயிரோட இருக்கிற முன்னாள் போராளியை அந்த மேடையில் கண்டிருக்கிறீர்களா? ஒரு கையோட கூலிவேலைக்குப் போகிற அண்ணையை, உடம்புக்குள் குண்டுச்சிதறல் இருக்க நுண்கடனுக்கு வட்டி கட்டுகிற அக்காவை? பெற்றோர் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளை வளர்ந்து தன் கதையைச் சொல்ல வந்தால் மைக்கைக் கொடுப்போமா? போரை ஒளித்துவிட்டுப் போராளியைப் பாடுகிற பழக்கம் எங்களுக்கும் இருக்கிறது. கொழும்பையும் வாஷிங்டனையும் திட்டுகிற உரிமையை இதைச் சொன்ன பிறகுதான் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

அதனால் எங்கட கூட்டுக்கு என் முன்மொழிவு இது. படையினருக்கான நிகழ்ச்சி எதற்கும், அது யாருடைய படையானாலும், கைதட்ட முதல் மூன்று கேள்வி கேட்போம்.

ஒன்று: அந்த ஆள் தான் நினைத்ததைப் பேச மைக் இருக்கிறதா, இல்லை வெளிச்சம் மட்டுமா?

இரண்டு: அவர் போன ஊரின் சனம், அவர் சுட்ட ஆக்கள், அந்த மேடையில் எந்த வடிவிலாவது இருக்கிறார்களா?

மூன்று: மேடைக்குக் காசு கொடுத்தவர் அந்தப் போரில் காசு பார்த்தவரா?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் கை சிவக்கத் தட்டுவோம். வராவிட்டால் நிகழ்ச்சிக்கு வெளியில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்போம். உள்ளே போகிற முன்னாள் சிப்பாயிடமும் கொடுப்போம். அவரைத் திட்டாமல் கொடுப்போம். முல்லரும் யங்கும் ஒரு காலத்தில் போரை நம்பிப் போனவர்கள்தான்.

எங்கட நவம்பர் கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை ஒதுக்கி, ஒரு முன்னாள் பெண்போராளியின் குரலைக் கேட்போம். பெயரும் முகமும் வெளியில் வராமல், அவவுக்கு ஆபத்து இல்லாத மாதிரி. யாரும் எழுதிக் கொடுக்காமல் அவவே சொல்லட்டும். சிலது எங்களுக்குப் பிடிக்காது. இருந்து கேட்போம்.

வெளியில போன தோழியும் நானும் போன கிழமை திரும்பக் கதைத்தோம். அந்த மண்டபத்தில் கையைத் தூக்கிய மனுசனைப் பற்றி அவள் கேட்டாள்: "அவர் எந்தப் போருக்குப் போனவர் எண்டு ஆரும் கேட்டவையோ?" ஒருத்தரும் கேட்கவில்லை. பாடகரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. சொல்ல அவருக்கு ஏதாவது இருந்திருக்கும்.

உடன்படாதவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த மடலில் வெட்டாமல் போடுகிறோம்.

தோழமையுடன்,
மடல் குழுவில் இருந்து, கைதட்டாமல் தலையைச் சொறிந்த ஆள்